ஏலத்தில் எடுத்த வண்டிக்கு ஆர்.சி. கிடைக்குமா?

கேள்வி: வீடு வீடாகப் பால் ஊற்றுவது என் தொழில். மதுவிலக்கு வழக்குகளில் பறிமுதலான இருசக்கர வாகனங்கள் ஆயுதப்படை மைதானத்தில் பொது ஏலம் விடப்படும் என்று நாளிதழில் அறிவிப்பு பார்த்தேன். என்னைப் போன்றவர்கள் கலந்துகொள்ளலாமா? எடுத்த வண்டி முறையாக என் பெயருக்கு மாறுமா?
– வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: தாராளமாகக் கலந்துகொள்ளலாம், வியாபாரிகளுக்கு மட்டும் உரிய ஏலமன்று அது. 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி பிடிபட்டு, பின்னர் அரசுடைமை ஆக்கப்பட்ட வண்டிகளையே காவல் துறை இவ்வாறு விற்கிறது. அறிவிப்பில் சொன்ன முன்வைப்புத் தொகையைக் கட்டி, ஆதார் அட்டையைக் காட்டிப் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். ஏலம் கிடைக்காதவர்களுக்கு அந்தத் தொகை திரும்பி வந்துவிடும். கிடைத்தவர்கள் மீதித் தொகையையும் அதன்மேல் ஜிஎஸ்டியையும் பெரும்பாலும் அன்றைக்கே கட்ட வேண்டியிருக்கும் என்பதால், கையிருப்பு முழுவதையும் ஏலம் கேட்கும் தொகையிலேயே கரைத்துவிடாதீர்கள்.

விற்பனை 'உள்ளது உள்ளபடி' என்ற நிபந்தனையின் பேரில்தான் நடக்கும். வழக்கு முடியும்வரை வெயிலிலும் மழையிலும் நின்ற வண்டிகள் இவை. நான் வேடிக்கை பார்க்கப் போன ஓர் ஏலத்தில், ஒரு மொபெட்டின் முகப்பு விளக்குக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. பெட்ரோல் டாங்கை அசைத்தால் துரு சலசலத்தது. அப்படியிருந்தும் இருவர் போட்டி போட்டுக் கேட்டதில், ஓடுகிற பழைய வண்டி ஒன்றைப் பக்கத்துத் தெருவில் வாங்கும் விலைக்கு அது ஏறிவிட்டது. 'ஒரு தரம், இரண்டு தரம்' என்ற குரல் கேட்டதும் கணக்கை மறந்துவிடுகிறவர்கள் நம்மில் அதிகம். பார்வையிட அனுமதிக்கும் நாளில் தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்று, பழுது நீக்கும் செலவையும் சேர்த்து ஓர் உச்ச விலையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினைவிட முதலில் பார்க்க வேண்டியது, வண்டியின் உடற்சட்டத்தில் பொறித்திருக்கும் அடையாள எண்ணான சேஸிஸ் எண். சாராயம் கடத்துகிறவர்கள் போலி நம்பர் பிளேட் மாட்டுவது புதிதன்று. ஈரத் துணியால் சேற்றைத் துடைத்து, பொறித்திருக்கும் எண்ணை ஏலப் பட்டியலோடும் மத்திய அரசின் வாகனப் பதிவு விவரங்கள் கிடைக்கும் பரிவாஹன் இணையதள விவரத்தோடும் ஒப்பிடுங்கள். தவணைக் கடன் பாக்கி பதிவாகியிருக்கிறதா என்பதும் அங்கேயே தெரிய வரும். எண் சுரண்டப்பட்டிருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுவதே நல்லது. பட்டியலில் 'கழிவு' என்று குறித்திருந்தால் அது காயலான் கடைக்கானது, சாலைக்கானதன்று.

பெயர் மாற்றத்துக்கு வழி உண்டு. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 57-ஆவது விதி, பொது ஏலத்தில் எடுத்த வண்டிகளுக்கென்றே அமைந்தது. வண்டி உங்கள் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் 32-ஆம் எண் படிவத்தில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஏலம் நடத்திய அதிகாரி கையொப்பமிட்ட விற்பனை உறுதிச் சான்றும், ஏலத்துக்கு அனுமதி அளித்த அரசு ஆணையின் சான்றிட்ட நகலும் அதனுடன் இணைக்கப்பட வேண்டும். பதிவெண் இல்லாத அல்லது போலி எண் கொண்ட வண்டியானால், ஏலம் விட்ட துறையின் பெயரில் முதலில் புது எண் ஒதுக்கி, அதன் பிறகே உங்கள் பெயரைப் பதிவார்கள். பழைய ஆர்.சி.யும் காப்பீட்டுச் சான்றும் கேட்கப்படும் என்பதால், அவை காவல் துறையிடம் உள்ளனவா என்று ஏலத்துக்கு முன்பே விசாரியுங்கள். பதிவின் 15 ஆண்டுக் காலம் முடிந்திருந்தால் தகுதிச் சான்று, புதுப்பிப்புக் கட்டணம், பசுமை வரி ஆகியவையும் சேரும். எப்படியாயினும், சான்றும் ஆணை நகலும் கைக்கு வராமல் வண்டியை மைதானத்துக்கு வெளியே தள்ளிக்கொண்டு வராதீர்கள்.

கேள்வி: அரசு அலுவலகங்களில் கழித்துக் கட்டும் பழைய ஜீப்பை வாங்கித் தோட்டத்துக்குப் போய்வர ஓட்டலாமா?
– வாசகர், தேனி

பதில்: முன்பு பலர் அப்படி வாங்கி ஓட்டினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. பதிவுபெற்ற வாகன உடைப்பு மையங்களில்தான் அவற்றை அழிக்க வேண்டும். 15 ஆண்டுக்கு உட்பட்டது ஏலத்துக்கு வந்தால் முயலலாம். அரிதாகத்தான் வரும்.

கேள்வி: சுங்கத் துறை பறிமுதல் செய்த கைபேசிகள் பாதி விலைக்குக் கிடைக்கும், முன்பணம் அனுப்புங்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. நம்பலாமா?
– வாசகி, கோவை

பதில்: நம்ப வேண்டாம். சுங்கத் துறை பொருட்கள், மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி. போன்றவற்றின் இணையதளங்களில் முறையான மின்னேலமாகவே வரும். பெரும்பாலும் மொத்த லாட்டாக விற்பார்களே தவிர, ஒற்றைக் கைபேசியாக அன்று. தனியார் ஒருவரின் வங்கிக் கணக்குக்கோ யுபிஐ எண்ணுக்கோ பணம் கேட்டால் அது மோசடி. ஏற்கெனவே அனுப்பியிருந்தால், இன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யுங்கள்.