வாசகர் கேள்வி – பதில்: திருமண நாளுக்குத் தீம் பார்க் போகலாமா?

திருமண நாளை ஒட்டி வெளியூர் செல்லத் திட்டமிடும் தம்பதிகள் தங்கள் ஐயங்களை எழுதலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பல தீம் பார்க்குகளைப் பற்றியே இருந்ததால், இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: வரும் தை மாதத்தில் எங்களுக்குத் திருமணமாகி 40 ஆண்டுகள் நிறைகின்றன. சிங்கப்பூரில் இருக்கும் மகள் எங்களை அங்கே வரவழைத்து, யுனிவர்சல் ஸ்டுடியோஸ் அழைத்துச் செல்ல வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். எனக்கும் உள்ளூர ஆசைதான். என் கணவருக்கு 66 வயது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். “பிள்ளைகள் விளையாடும் இடத்தில் நமக்கென்ன வேலை, அந்தப் பணத்தில் பிள்ளையார்பட்டியில் ஓர் அபிஷேகம் செய்துவிட்டு வீட்டில் இருப்போம்” என்கிறார். நாங்கள் சைவம். போவது சரியாக இருக்குமா?
— ஆச்சி ஒருவர், தேவகோட்டை

பதில்: தயங்காமல் புறப்படுங்கள், ஆச்சி. பிள்ளையார்பட்டி அபிஷேகத்தை ஊரை விட்டுக் கிளம்பும் முன்னரே முடித்துவிடலாம். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

உங்கள் பாட்டனார் காலத்துத் தம்பதிகளைச் சற்று நினைத்துப் பாருங்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கணக்குப் பார்க்கக் கப்பலேறியவர்கள் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை முடிந்த பிறகே ஊர் திரும்பினார்கள். ஆச்சிமார்கள் ஊரில் வளவிலேயே (செட்டிநாட்டு வீட்டின் உள்பகுதியிலேயே) இருந்து பிள்ளைகளையும் பெரியவர்களையும் கவனித்துக்கொண்டார்கள். திருமணமாகிப் பல ஆண்டுகள் கழிந்தும் கணவனும் மனைவியும் சேர்ந்திருந்த நாட்கள் குறைவாகவே இருந்த குடும்பங்கள் அன்று எத்தனையோ. அந்தக் கடலை இன்று நீங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, திருச்சியிலிருந்து நேரடி விமானத்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் கடந்துவிடலாம். இந்த வாய்ப்பை, வயதாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் கணவரின் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அந்தப் பூங்காவில் உள்ள பேட்டில்ஸ்டார் கேலக்டிகா என்னும் இரட்டை ரோலர் கோஸ்டர் 42.5 மீட்டர் உயரமுடையது. அதன் ஒரு தடத்தில் கால்கள் அந்தரத்தில் தொங்க, தலைகீழாகச் சுழன்று வர வேண்டியிருக்கும். இருளில் பாயும் மம்மி சவாரியும், முப்பரிமாணக் கண்ணாடி அணிந்து குலுங்கும் இருக்கையில் அமரும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரியும் இரத்த அழுத்தம், இதய நோய், கழுத்து வலி, முதுகுவலி உள்ளவர்களுக்கு உகந்தவை அல்ல. ஒவ்வொரு சவாரியின் வாயிலிலும் இந்த எச்சரிக்கையை எழுதி வைத்திருப்பார்கள். அதை மகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். அந்தச் சவாரிகளை விட்டுவிட்டாலும் உங்களுக்கு அங்கே ஒரு நாள் நிறைவாகவே போகும். வாட்டர் வேர்ல்ட் என்ற சாகசக் காட்சியைப் படிவரிசையில் அமர்ந்து பார்க்கலாம். நனையக் கூடாது என்றால் முன்வரிசைகளைத் தவிர்த்துவிடுங்கள். செசமி ஸ்ட்ரீட் சவாரி மெதுவாகச் செல்லக்கூடியது. 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட மினியன் லேண்ட் பகுதியைச் சுற்றிப் பார்ப்பதே தனி மகிழ்ச்சி தரும். நடக்க இயலாவிட்டால் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். அதில் அமர உங்கள் கணவர் கூச்சப்பட வேண்டியதில்லை. புறப்படும் முன் மருத்துவரைப் பார்த்து, மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரின் வெயிலும் புழுக்கமும் உடம்பின் நீரை விரைவில் வற்றச் செய்யும் என்பதால் தண்ணீர் அடிக்கடி குடிக்க வேண்டும்.

தங்குமிடத்தைச் சிராங்கூன் சாலைப் பக்கம் பார்த்துக்கொண்டால் சைவ உணவுக்குக் கவலை இல்லை. அங்குள்ள லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து ஹார்பர்ஃபிரன்ட் வரை ஒரே ரயிலில், இடையில் மாறாமல் போகலாம். அங்கிருந்து, பூங்கா அமைந்துள்ள சென்டோசா தீவுக்கு மோனோரயில் இருக்கிறது. நடந்தே கடக்கப் பாலமும் இருக்கிறது. காலைச் சிற்றுண்டியை வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது, ஏனென்றால் வெளி உணவைப் பூங்காவுக்குள் பொதுவாக அனுமதிப்பதில்லை.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். திருமண நாள் அன்றே பூங்காவுக்குப் போகாதீர்கள். தை மாதத்தில் அங்கே மழையும் இருக்கக்கூடும். மின்னல் தென்பட்டால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள், அந்த ஏமாற்றம் உங்கள் நாளின் மீது படிய வேண்டாம். பூங்காவை வேறொரு வார நாளில் வைத்துக்கொண்டு, திருமண நாள் காலையில் டேங்க் ரோட்டில் உள்ள தண்டாயுதபாணி கோயிலுக்குச் செல்லுங்கள். 1859-இல் நம் நகரத்தார் எழுப்பிய கோயில் அது. உங்கள் நாள் தைப்பூசத்தை ஒட்டி வந்தால், முந்தைய நாள் செட்டிப்பூசத்தன்று அந்தக் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் புறப்படுவதையும் காணலாம். மாலையில் மகளையும் மருமகனையும் வீட்டிலேயே விட்டுவிட்டு, மவுன்ட் ஃபேபர் குன்றிலிருந்து சென்டோசா செல்லும் கேபிள் காரில் நீங்கள் இருவர் மட்டும் ஏறுங்கள். உங்கள் கணவர் அதையும் மறுப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். ஐந்தாம் திருமண நாளுக்கு இரண்டு நாள் விடுப்புதான் கிடைக்கும். வெளிநாடு போக வசதி இல்லை. கொச்சி வொண்டர்லாவுக்குப் போகலாமா, சென்னைக்குப் போகலாமா?
— வாசகர், காரைக்குடி

பதில்: இரண்டே நாள் என்றால் சென்னையே ஏற்றது. கொச்சியில் பள்ளிக்கரைக் குன்றின் மேல் உள்ள பூங்கா 2000-ஆம் ஆண்டு வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கியது. பசுமை சூழ்ந்த நல்ல இடம். ஆனால் காரைக்குடியிலிருந்து போய்வரும் நேரமே உங்கள் விடுப்பில் பெரும்பங்கை விழுங்கிவிடும். சென்னையின் வொண்டர்லா பூங்கா 2025 டிசம்பரில் திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் திறக்கப்பட்டது. இராமேசுவரத்திலிருந்து காரைக்குடி வழியாக வரும் இரவு ரயிலில் ஏறிச் செங்கல்பட்டிலேயே இறங்கிவிட்டால், எழும்பூர் வரை போய்த் திரும்ப வேண்டிய அலைச்சல் இல்லாமல் திருப்போரூர்ச் சாலையைப் பிடித்துவிடலாம்.

முதல் நாள் பூங்காவுக்குப் போய்விட்டு, இரவு மாமல்லபுரத்தில் தங்குங்கள். மறுநாள் காலையில் கடற்கரைக் கோயிலையும் திருப்போரூர் முருகனையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பலாம். சனி, ஞாயிறு, கோடை விடுமுறை ஆகியவற்றைத் தவிர்த்து வார நாளில் விடுப்பு எடுப்பது, எந்தச் சலுகையையும் விட மிகுந்த பயன் தரும். கூட்டம் குறைவாக இருந்தால், வரிசையைத் தாண்டிச் செல்ல உதவும் ஃபாஸ்ட் டிராக் சீட்டுக்குக் கூடுதல் பணம் செலவிடத் தேவையே இருக்காது. நீர்ச் சவாரிகளில் பருத்தி உடையை அனுமதிக்க மாட்டார்கள். நைலான் வகை உடையை வீட்டிலிருந்தே எடுத்துச் சென்றால் அங்கே வாங்கும் செலவு மிச்சம்.

கேள்வி: எங்கள் முதல் திருமண நாள் வருகிறது. இப்போது எனக்கு ஐந்தாவது மாதம். வாட்டர் பார்க் போக ஏற்கெனவே டிக்கெட் எடுத்துவிட்டோம். மெதுவான சவாரிகளில் மட்டும் ஏறலாமா?
— வாசகி, பள்ளத்தூர்

பதில்: வேண்டாம், அம்மா. திடீரென்று பாய்ந்து திடீரென்று நிற்கும் சவாரிகளின் குலுக்கல், நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து விலகும் ஆபத்தை உண்டாக்கக்கூடும். பெரும்பாலான சவாரிகளில் கர்ப்பிணிகளை அந்தப் பூங்காக்களே ஏற்றுவதில்லை. வழுக்கும் தரையும் வெயிலும் அதற்கு மேல். டிக்கெட்டை வேறு தேதிக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்; முடியாவிட்டால் அந்தப் பணத்தைப் பெரிதாக எண்ணாதீர்கள்.

கேள்வி: என் மகனும் மருமகளும் பத்தாம் திருமண நாளுக்கு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தீம் பார்க்குகளுக்குத் தனியாகப் போகப் போகிறார்களாம். எட்டு வயதுப் பேரனையும் ஐந்து வயதுப் பேத்தியையும் எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்களாம். விளையாட்டுப் பூங்காவுக்குக் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பெற்றோரை நான் எங்கும் கண்டதில்லை. நான் சொல்லித் தடுக்கலாமா?
— வாசகி, கோட்டையூர்

பதில்: தடுக்காதீர்கள் என்று உங்களை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். குழந்தைகளோடு பூங்காவுக்குப் போகும் பெற்றோர் அங்கே ஒன்றாக இருப்பதே அரிது. ஐந்து வயதுப் பேத்திக்குப் பெரிய சவாரிகளுக்கு வேண்டிய உயரம் இருக்காது என்பதால், ஒருவர் அவளோடு வெளியே நிற்க, மற்றவர் மகனோடு உள்ளே போவார். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். ஒருவர் உணவு வாங்கும் வரிசையில் நின்றால் மற்றவர் கழிப்பறை வாசலில் காத்திருப்பார். அது குடும்பத்துக்கு நல்ல நாள்தான், மறுக்கவில்லை. ஆனால் அது திருமண நாள் ஆகாது. பத்தாண்டுகளாக வேலை, பிள்ளைகள், வீட்டு விசேஷங்கள் என்று ஓடிய இருவர், யாருக்கும் பொறுப்பேற்காமல் ஒரு வரிசையில் அரை மணி நேரம் நின்று பேசிக்கொண்டிருப்பதே அவர்களுக்குப் பெரிய செல்வம்.

பெரிய வீட்டில் அப்பத்தாவும் ஐயாவும் இருக்கும்போது பேரப்பிள்ளைகளுக்கு என்ன குறை வந்துவிடும்? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இன்னொரு விடுமுறையில் நீங்கள் எல்லாரும் போகலாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். உங்கள் மருமகள் அதை என்றும் மறக்க மாட்டார்.

கேள்வி: எங்கள் வெள்ளி விழா ஆண்டில் அமெரிக்காவின் ஆர்லாண்டோவுக்கு வரச் சொல்லி மகன் அழைக்கிறான். நான்கே நாட்களில் டிஸ்னி, யுனிவர்சல் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று ஒரு சுற்றுலா முகவர் சொல்கிறார். முடியுமா? முதலில் எதைப் பார்ப்பது?
— வாசகர், கானாடுகாத்தான்

பதில்: ஓடினால் முடியும், ஆனால் எதுவும் மனத்தில் தங்காது. அங்கே டிஸ்னி வேர்ல்ட் மட்டுமே சுமார் 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கிறது. 1971-இல் திறந்த மேஜிக் கிங்டம், 1982-இல் திறந்த எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம் என நான்கு பூங்காக்கள் அதற்குள் இருக்கின்றன. யுனிவர்சலுக்கு உரியவை தனி. அவற்றுள் எபிக் யுனிவர்ஸ் 2025 மே மாதத்தில்தான் திறக்கப்பட்டது. ஒரு பூங்காவுக்கு ஒரு முழு நாள் வேண்டும். அந்த ஒரு நாளிலேயே பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்திருப்பீர்கள்.

நம் நேரத்துக்கும் ஃபுளோரிடா நேரத்துக்கும் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி வேறுபாடு இருப்பதால், போய் இறங்கிய முதல் இரண்டு நாட்களும் பகலில் தூக்கம் கண்ணைச் சுழற்றும். மகன் வீட்டில் சில நாள் தங்கி, உடம்பு பழகிய பிறகு ஆர்லாண்டோ போங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம். கோடைப் பிற்பகல்களில் இடிமழையும் சேர்ந்துகொள்ளும். ஆகவே பிப்ரவரி, மார்ச் மாதங்களைப் பாருங்கள். விசா நேர்காணலுக்குச் சில வேளை மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். அதை முடித்துக்கொண்டு பிறகு மற்ற முன்பதிவுகளைச் செய்யுங்கள்.

தம்பதிகளாகப் போகும் உங்களுக்கு நான் முதலில் சொல்வது எப்காட். ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் கட்டடங்களும் உணவகங்களும் அமைந்த பகுதி அங்கே இருக்கிறது. சவாரி எதிலும் ஏறாமல் மாலை முழுவதும் கைகோத்து நடக்க அதைவிட ஏற்ற இடம் அங்கில்லை. அதற்கு அடுத்த நாள் மேஜிக் கிங்டம் போகலாம். அவ்விரண்டோடு நிறுத்திக்கொண்டு, நடுவில் ஒரு நாள் ஓய்வு எடுங்கள். மீதிப் பூங்காக்களின் டிக்கெட்டுக்கு ஆகும் பணத்தில், உள்ளேயே உள்ள விடுதியில் ஓரிரவு தங்குவது மேலான செலவு. டிஸ்னி பூங்காக்களுக்குள் சொந்த உணவைக் கொண்டுபோக அனுமதி உண்டு. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் மட்டும் கூடாது. தேன்குழலும் சீடையும் பையில் இருந்தால் வரிசையில் நிற்கும் நேரம் தெரியாது.

சில சவாரிகளில் ‘சிங்கிள் ரைடர்’ என்று ஒரு வரிசை இருக்கும். காலியாக இருக்கும் ஒற்றை இருக்கைகளைத் தனியாட்களைக் கொண்டு நிரப்புவதற்காக அதை வைத்திருக்கிறார்கள். அது விரைவாக நகரும் என்று மகன் உங்களை அதில் நிறுத்தப் பார்ப்பான். அதில் போனால் நீங்கள் ஒரு பெட்டியிலும் உங்கள் மனைவி வேறொரு பெட்டியிலும் போக நேரிடும். நேரம் கூடுதலானாலும் பொது வரிசையிலேயே நில்லுங்கள். வெள்ளி விழாவுக்காக அவ்வளவு தூரம் போனது இருவரும் ஒரே இருக்கையில் உட்காரத்தானே! மேஜிக் கிங்டத்தின் விருந்தினர் சேவை அலுவலகத்தில் கேட்டால், திருமண நாள் கொண்டாடுவோருக்கு உரிய சிறிய பேட்ஜ் ஒன்றை இலவசமாகவே தருவார்கள். இருவரும் அதைக் குத்திக்கொண்டால், நாள் முழுவதும் ஊழியர்கள் வாழ்த்திக்கொண்டே இருப்பார்கள்.

கேள்வி: சேலையோடு ரோலர் கோஸ்டரில் ஏற விடுவார்களா? தாலிச் சங்கிலியைக் கழற்ற எனக்கு மனம் வராது. என்ன செய்வது?
— வாசகி, புதுவயல்

பதில்: சேலையின் முந்தானை காற்றில் பறந்து சக்கரத்திலோ தண்டவாளத்திலோ சிக்கினால் விபரீதம் என்பதால், அதை இறுகச் செருகச் சொல்வார்கள், சில சவாரிகளில் ஏறவே விடமாட்டார்கள். அன்றைக்கு மட்டும் சுடிதார் அணிந்து, துப்பட்டாவை லாக்கரில் வைத்துவிடுங்கள். தாலியைக் கழற்ற வேண்டியதில்லை. மெல்லிய சங்கிலியில் கோத்து, உடைக்குள் விட்டு, உடையோடு சேர்த்து ஊக்கால் குத்திக்கொண்டால் போதும். கனமான சங்கிலிகளும் வைர நகைகளும் ஊரில் வங்கி லாக்கரிலேயே இருக்கட்டும். வெளிநாட்டுக்கு விலையுயர்ந்த நகை அணிந்துதான் போவேன் என்றால், புறப்படும் அன்று விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் அவற்றைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது, அங்கே வாங்கிய நகையோ என்ற கேள்வி எழாது. அதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே திருச்சி விமான நிலையத்தை அடைந்துவிடுங்கள்.