பழைய வெப்லி ரிவால்வர் வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கும் என் மாமா, முதல் உலகப் போர்க்காலத்து வெப்லி மார்க் 6 ரிவால்வரை வாங்க விரும்புகிறார். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் தோட்டா உருளையின் பின்முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 1915இல் பிரிட்டிஷ் படை ஏற்ற இந்த ரிவால்வர் .455 தோட்டாவுக்கானது, அமெரிக்காவுக்கு வந்தவற்றில் பலவற்றின் உருளையை, அங்கே எளிதில் கிடைக்கும் .45 ஏசிபி (தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கான) தோட்டா பொருந்தும்படி பின்புறம் சீவியிருக்கிறார்கள். பொருந்துகிறதே என்று அந்த .45 ஏசிபி தோட்டாவைச் சுடவே கூடாது. அதன் அழுத்தம் இந்தப் பழைய இரும்புக்கு மிக அதிகம். தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்தபின், விசையை மெல்ல இழுத்து, குதிரை (தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்தி) எழும்பி விழும் நேரத்தில் ஆறு அறைகளும் குழலுக்கு நேராக நின்று பூட்டுகின்றனவா என்று துப்பாக்கி பழுதுபார்ப்பவரைக் கொண்டு சோதிக்க வேண்டும். சுட்டபின் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூச வேண்டும். தோல் உறையிலேயே விட்டுவைத்தால் ஈரம் கோத்துத் துருவேறிவிடும்.