தாத்தாவின் கல்லறை – கடிதம்

அன்புள்ள ஐயா,

துருக்கி பற்றி ஒரு காணொளி பார்த்தேன். 1928இல், நவீன துருக்கியை நிறுவிய முஸ்தபா கமால் அரபு எழுத்தை எடுத்துவிட்டு லத்தீன் எழுத்தைக் கொண்டுவந்தார், ஒரே இரவில் ஒரு தேசமே எழுத்தறிவை இழந்தது, இன்று ஒரு துருக்கியருக்குத் தன் தாத்தாவின் கல்லறையைக்கூடப் படிக்கத் தெரியாது என்கிறார்கள். என் பாட்டியிடம் பழைய அரபுத்தமிழ்ப் புத்தகம், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழ்ப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அவர் கடகடவென்று படிப்பார், எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. அதனாலோ என்னவோ, காணொளி மனதை விட்டுப் போகவில்லை. இது பண்பாட்டுக் கொலைதானே?

நஸீர்

அன்புள்ள நஸீர்,

கல்லறை விஷயம் உண்மை. 'ஒரே இரவில்' என்பதில்தான் எனக்குத் தகராறு. 1927இல் எடுத்த கணக்கெடுப்பின்படி துருக்கியில் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில்தான். மற்ற தொண்ணூறு பேரிடம் பறிக்க எதுவும் இல்லை. இழந்தவர்கள் அந்தப் பத்துப் பேர். அவர்களிலும் பலர் அலுவலகத்துக்குப் புதிய எழுத்து, சொந்தக் குறிப்புக்குப் பழைய எழுத்து என்று கடைசிவரை ஓட்டிவிட்டார்கள்.

பழைய எழுத்தில் சிக்கல் இருந்ததா என்றால், இருந்தது. துருக்கி மொழிக்கு எட்டு உயிர். அரபு எழுத்தில் உயிருக்கென்று அலிஃப், வாவ், யா என மூன்றே எழுத்துகள். அங்கே எல்லோரும் சொல்லும் ஒரு வேடிக்கை உண்டு. ஊருக்கு ஒரு தந்தி வருகிறது: 'மெஹ்மத் பாஷா ஒல்து.' உதட்டைக் குவித்து சாதாரண 'ஒ' என்று படித்தால் மெஹ்மத்துக்கு பாஷா என்ற உயர்பதவி கிடைத்துவிட்டது. அதே 'ஒ'வை நாக்கை முன்னுக்குத் தள்ளிச் சொன்னால் மெஹ்மத் பாஷா செத்துப்போனார். வீட்டில் இனிப்பு வாங்குவதா, ஒப்பாரி வைப்பதா? இந்த வித்தியாசத்தைத் தமிழ் எழுத்தாலும் காட்ட முடியவில்லை, பாருங்கள்.

அதை எழுத்தை மாற்றாமலே சரிசெய்யவும் முயன்றார்கள். முதல் உலகப்போர் சமயத்தில் போர் அமைச்சர் என்வர் பாஷா எழுத்துகளைத் தனித்தனியாகப் பிரித்து, உயிர்களுக்கும் குறி சேர்த்து, ராணுவத்தில் நடைமுறைப்படுத்திப் பார்த்தார். போர்க்களத்தில் அவசர உத்தரவுகளை அப்படி எழுதிக்கொண்டிருக்க முடியுமா? கைவிட்டார்கள்.

கமால் செய்தது வேறு. 1928 ஆகஸ்ட் 9 இரவு, இஸ்தான்புல்லின் சராய்புர்னு பூங்காவில் அவருடைய கட்சியின் விழா. மேடையில் பாடியவர் கெய்ரோவிலிருந்து வந்த முனீரா அல்-மஹதிய்யா. அரபுப் பாட்டு ஒலித்த அதே இரவில்தான் கமால் ஒரு காகிதத்தில் ஏதோ எழுதி, கூட்டத்திலிருந்த ஓர் இளைஞரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவர் விழித்தார். காரணம், எழுதியிருந்தது லத்தீன் எழுத்தில். காகிதத்தைத் திரும்ப வாங்கித் தன் நண்பரிடம் கொடுத்து வாசிக்க வைத்துவிட்டு, எல்லோரும் இதைச் சீக்கிரம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்.

புதிய எழுத்தை வகுத்த குழுவினர், மாற்றத்துக்கு ஐந்து வருடம், பதினைந்து வருடம் என்று திட்டம் வைத்திருந்தார்கள். மூன்று மாதம், இல்லையென்றால் நடக்கவே நடக்காது என்று கமால் சொன்னதாகக் குழுவில் இருந்த ஃபாலிஹ் ரிஃப்கி எழுதுகிறார். பத்திரிகையில் அரைப் பத்தி பழைய எழுத்தில் இருந்தாலும் ஜனங்கள் அதை மட்டும்தான் படிப்பார்கள் என்பது கமாலின் கணக்கு. சர்வாதிகாரியின் கணக்குதான், ஆனால் மனிதர்களைத் தெரிந்து போட்ட கணக்கு. நவம்பர் 1இல் சட்டம், டிசம்பர் 1இல் பத்திரிகைகள், 1929 ஜனவரி 1இல் புத்தகங்கள். முடிந்தது.

சரி, கொலை எங்கே நடந்தது? என் கணிப்பில், எழுத்தில் அல்ல, சொல்லில். 1932இல் மொழிக் கழகம் தொடங்கி, அரபு, பாரசீகச் சொற்களைக் களையெடுக்க ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் நம் ஊர் மக்தப் அங்கே மெக்தெப். அதை எடுத்துவிட்டு 'ஒகுல்' என்றார்கள். பிரெஞ்சு 'எகோல்' சாயலில் வார்த்த சொல் அது! ஆசிரியரைக் குறித்த 'முஅல்லிம்' போயிற்று. 1934இல் ஸ்வீடன் பட்டத்து இளவரசருக்குக் கொடுத்த விருந்தில் கமால் தூய துருக்கியில் ஓர் உரை படித்தார், புதிதாக எழுத்துக்கூட்டுகிற பையனைப் போலத் தடுமாறி. அப்புறம் அவரே பின்வாங்கினார். பின்வாங்கக் கைகொடுத்தது, உலக மொழிகள் எல்லாம் துருக்கியிலிருந்து பிறந்தவை என்ற 'சூரிய மொழி' கொள்கை. அப்படியென்றால் அரபுச் சொல்லும் நம் சொல்தானே, எதற்கு விரட்ட வேண்டும்!

அவர் போன பிறகும் களையெடுப்பு நிற்கவில்லை. இதற்குச் சாட்சி அவருடைய உரையே. 1927 அக்டோபரில் ஆறு நாட்கள், முப்பத்தாறு மணிநேரம் பேசினார். பெயர் 'நுதுக்', அரபுச் சொல். முதலில் பழைய எழுத்தில் அச்சானது, 1934இல் லத்தீன் எழுத்தில் வந்தது. எழுத்து மட்டும்தான் தடை என்றால் விஷயம் அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் 1960களில் அதே உரையை இன்றைய துருக்கியில் 'சொய்லெவ்' என்று பெயர் மாற்றி வெளியிட வேண்டியிருந்தது. நாட்டை நிறுவியவரின் பேச்சுக்கு, அவர் மொழியிலேயே மொழிபெயர்ப்பு.

2014இல் துருக்கி அதிபர் எர்தோகன், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இந்த நாட்டில் ஒஸ்மானியத் துருக்கி, அதாவது அரபு எழுத்தில் எழுதிய அந்தப் பழைய துருக்கி, கற்பிக்கப்படும் என்றார். அவரும் கல்லறையைத்தான் உதாரணம் காட்டினார். உங்கள் காணொளிக்காரர்கள் அங்கிருந்து எடுத்திருக்கலாம். எழுத்தைப் படிக்கச் சில மாதங்கள் போதும். அந்தச் சொற்களைத் திரும்பப் பழகுவதுதான் பாடு.

உங்கள் பாட்டியின் புத்தகத்துக்கு அந்தக் கதி இல்லை. அவர் வாசிக்க, நீங்கள் கேட்டால் புரியும். தமிழ்தானே. எகர ஒகரம் அரபில் கிடையாது, அதற்கென்று தனிக் குறிகளை ஏற்படுத்திக்கொண்டார்கள். ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், அதில் என்ன குறி போட்டிருக்கிறது என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.