பெண்கள் படித்து முன்னேறினால் பாராளுமன்றத்திலும் அவர்கள் எண்ணிக்கை தானாகக் கூடிவிடாதா? பெண் வேட்பாளர்களை நிறுத்தச் சொல்லும் சட்டம் எதற்கு?

தானாகக் கூடாது என்பதுதான் என் பதில். ஜப்பானியப் பெண்களுக்குப் படிப்பில் என்ன குறை? அங்கே 2017 தேர்தலில் கீழவைக்கு 47 பெண்கள் தெரிவானார்கள். ஆண், பெண் வேட்பாளர்களைச் சம அளவில் நிறுத்த முயல வேண்டும் என்று 2018இல் சட்டமும் வந்தது. மீறினால் தண்டனை எதுவும் இல்லை. அடுத்து 2021இல் தெரிவான பெண்கள் 45 பேர், மொத்த இடங்கள் 465.

நான் பல வருடங்களாகப் பாரிசின் புறநகர் ஒன்றில் வாழ்கிறேன். இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள பிரான்சை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பெண்கள் இங்கே முதன்முதலில் ஓட்டுப் போட்டதே 1945இல்தான். நகரசபைத் தேர்தலில் கட்சிகள் கொடுக்கும் வேட்பாளர் பட்டியல்களில் ஒரே பாலினத்தவர் முக்கால்வாசிக்கு மேல் இருக்கக் கூடாது என்று 1982இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அது சமத்துவத்துக்கு எதிரானது என்று அரசியலமைப்பு மன்றம் தள்ளிவிட்டது. அதனால் 1999இல் அரசியலமைப்பையே திருத்தி, 2000இல் ஆண் பெண் சம வேட்பாளர் சட்டத்தை நிறைவேற்றினார்கள்.

கவனிக்க வேண்டியது இதற்குப் பிறகு நடந்ததைத்தான். ஒரே சட்டம், இரண்டு தேர்தல்களுக்கு இரண்டு விதமான விதி. அப்போதைய விதிப்படி 3,500 பேருக்கு மேல் வாழ்ந்த ஊர்களின் நகரசபைத் தேர்தலில், பட்டியலில் பெண்கள் சரியாக இல்லாவிட்டால் அந்தப் பட்டியலையே ஏற்கவில்லை. பாராளுமன்றத் தேர்தலில் அப்படி இல்லை. கட்சிக்குக் கிடைக்கும் அரசு நிதியில் ஒரு பகுதியைக் குறைப்பார்கள், அவ்வளவுதான். விளைவு? 2001இல் அந்த ஊர்களின் நகரசபைகளில் பெண்கள் 26 வீதத்திலிருந்து 47 வீதத்துக்கு மேல் போனார்கள். அடுத்த வருடம் பாராளுமன்றத்தில் 11 வீதம் 12 ஆனது. ஒரே நாடு, அதே மக்கள், நடுவில் ஒரு வருடம்தான். சமூக மனநிலைதான் காரணம் என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

பெரிய கட்சிகள் கணக்குப் போட்டுப் பார்த்தன. நிதியின் இன்னொரு பகுதி வென்ற உறுப்பினர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. தொகுதியில் ஏற்கனவே இருக்கும் ஆண் உறுப்பினரை மாற்றி இடத்தை இழப்பதை விட, அபராதத்தைக் கட்டிவிடுவது லாபம் என்று முடிவெடுத்தன. அப்புறம் அபராதத்தைக் கூட்டினார்கள், எண்ணிக்கையும் ஏறியது, ஆனால் பல வருடம் போனது. மாவட்ட சபைகளில் 2015இல் வேறு வழி கண்டுபிடித்தார்கள். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஜோடியாகத்தான் போட்டியிட முடியும். 14 வீதத்துக்கும் குறைவாக இருந்தது ஒரே தேர்தலில் சரிபாதி ஆனது.

எங்கள் வீட்டிலேயே இதைப் பார்த்தேன். 2020 நகரசபைத் தேர்தலுக்கு முன்பு ஒரு பட்டியல்காரர் கதவைத் தட்டினார். ஆண், பெண், ஆண், பெண் என்று வரிசையாக 35 பேர் வேண்டும், ஒரு பெண் குறைகிறது என்றார். என் மனைவி பாடசாலைப் பெற்றோர் கூட்டங்களில் பேசுவதை அவர் கேட்டிருக்கிறார். அவளுக்கு 18ஆவது இடம். பட்டியல் வென்றது. ‘எண்ணிக்கைக்குத்தானே சேர்த்தார்கள்’ என்று சொந்தக்காரர்களே சொன்னது எனக்கு இன்னும் வலிக்கிறது. பாடசாலை மதிய உணவுக் கட்டணம் பற்றிய விவாதத்தில், மாதச் சம்பளம் கைக்கு வராத குடும்பங்களைப் பற்றி அவள் பேசினாள். அந்தச் சபையில் வேறு யாருக்கும் அது தோன்றவில்லை.

விதி எங்கே முடிகிறதோ அங்கே ஏற்றமும் நின்றுவிடுகிறது. மேயரைச் சபைக்குள் தெரிவு செய்கிறார்கள், அதற்கு இந்த விதி இல்லை. 2020 தேர்தலுக்குப் பிறகும் மேயர்களில் ஐந்தில் ஒருவர்தான் பெண்ணாக இருந்தார். எண்ணிக்கை அதிகாரம் ஆகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. ருவாண்டாவில் 80 பேர் கொண்ட அவையில் 24 இடங்கள் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டவை, 2008 முதல் அங்கே பெண்களே பெரும்பான்மை. ஆனால் அந்த நாட்டில் அரசை எதிர்த்துப் பேசுவது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஆபத்து.

சரி, நம் இலங்கை? 1931இலேயே எல்லோருக்கும் ஓட்டுரிமை, 1960இல் உலகின் முதல் பெண் பிரதமர். ஆனாலும் பல பத்தாண்டுகள் பாராளுமன்றத்தில் பெண்கள் 5, 6 வீதம்தான். 2024இலும் 10 வீதத்தைத் தொடவில்லை. உள்ளூராட்சியில் கால்வாசி இடம் சட்டமானதும், 2 வீதம் அளவில் இருந்தது 2018இல் 20 வீதத்தைத் தாண்டியது. பாராளுமன்றத்துக்குப் பட்டியல் இருந்தாலும் அதற்குள் யார் வேண்டும் என்று வாக்காளரே குறிக்கும் விருப்பு வாக்கு முறை என்பதால் வரிசைக்கு மதிப்பில்லை. சொந்தக் கட்சிக்காரருடனேயே போட்டி போட வேண்டும், அதற்குப் பணமும் ஆட்பலமும் வேண்டும். ஆனால் கட்சிகள் நாடு முழுவதும் பெற்ற வாக்குக்கு ஏற்பப் பிரித்துக் கொடுக்கும் தேசியப் பட்டியலில் 29 இடங்கள் இருக்கின்றன. அங்கே விருப்பு வாக்கும் இல்லை, சுவரொட்டிச் செலவும் இல்லை. பெயர்களை எழுதுவது கட்சிதான். ஒரு பெண், ஒரு ஆண் என்று நாளைக்கே எழுதலாம்.