காது வலிக்கும் முன்பே எச்சில் விழுங்கச் சொல்லுங்கள்

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. சர்க்கரை நோயால் காலில் வந்த புண் ஆறாததால் ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் சிகிச்சைக்கு (சேம்பர் எனும் மூடிய அறைக்குள், கூடிய அழுத்தத்தில் ஆக்சிஜனைச் சுவாசிப்பது) போகிறார். மூன்றாவது சிட்டிங்கில் காதுக்குள் ஊசியால் குத்தியது போல வலித்ததாம். இனிமேல் போகவே மாட்டேன் என்கிறார். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விட்டு அனுப்பலாமா?

பதில்: எண்ணெய் வேண்டவே வேண்டாம், அம்மா. அழுத்தம் கூடிய ஆக்சிஜனில் எண்ணெய்ப் பிசுக்கு தீப்பிடிக்கும் ஆபத்து. தலைக்கு எண்ணெய், தைலம், மூக்கில் தடவும் களிம்பு எதுவுமே சேம்பருக்குள் ஆகாது. தவிர, வலி இருப்பது செவிப்பறைக்கு உட்புறம். வெளியே விடும் எண்ணெய் அங்கே போய்ச் சேராது.

சேம்பரில் காற்றழுத்தம் இரண்டு மடங்கைத் தாண்டும். கடலில் 10 மீட்டருக்குக் கீழே முங்கியது போலத்தான். வெளி அழுத்தம் ஏறும்போது நடுக்காதிலுள்ள காற்று சுருங்கி, செவிப்பறையை உள்ளே இழுக்கிறது. அதைச் சமன் செய்ய, மூக்கின் பின்புறத்திலிருந்து காதுக்குப் போகும் யூஸ்டேஷியன் குழாய் திறந்து காற்றை விட வேண்டும். வலி வரும்வரை காத்திருந்தால் அழுத்தமே குழாயின் வாயை அமுக்கி மூடிவிடும். அப்புறம் என்ன முயன்றாலும் திறப்பது கஷ்டம். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்.

அதனால் கதவைச் சாத்தி அழுத்தம் ஏறத் தொடங்கியதுமே அப்பா எச்சில் விழுங்க ஆரம்பிக்கட்டும். முதல் சில நிமிடங்கள்தான் முக்கியம். கொட்டாவி விடலாம், தாடையை அசைக்கலாம், அனுமதித்தால் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்கலாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவது இன்னும் நல்லது. வாயை மூடி, மூக்கைப் பிடித்து, மெதுவாகக் காற்றை ஊதுவதும் ஒரு வழி. 1704-லேயே வால்சால்வா என்ற இத்தாலிய மருத்துவர் எழுதிவைத்தது. முக்கி ஊதினால் உள்காது கெட்டுவிடும், ஜாக்கிரதை.

வலி துளி எட்டிப்பார்த்தாலும் உடனே ஆபரேட்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். அவர் அழுத்தம் ஏற்றுவதை நிறுத்தி, கொஞ்சம் இறக்கிக் கொடுப்பார். நம் அப்பாக்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிற ரகம். இங்கே அந்தப் பொறுமை காதுக்கு எதிரி. அழுத்தம் இறங்கும்போது பெரும்பாலும் காது தானே திறந்துகொள்ளும். அப்போது ஊதவும் வேண்டாம், மூச்சை அடக்கவும் வேண்டாம்.

சளி பிடித்திருந்தால் அன்றைய சிட்டிங்கைத் தள்ளிப்போடக் கேளுங்கள். மூக்கடைப்புக்கான ஸ்ப்ரே சிலருக்கு உதவும். ஆனால் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அடிக்கக் கூடாது.

நான்காவது சிட்டிங்குக்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருமுறை செவிப்பறையைப் பார்க்கட்டும். காதில் ரத்தம், தலைசுற்றல், காது மந்தம், இரைச்சல் இருந்தால் இன்றே போங்கள். எவ்வளவு முயன்றும் காது திறக்காதவர்களுக்குச் செவிப்பறையில் சிறு குழாய் வைத்துச் சிகிச்சையைத் தொடர வழியிருக்கிறது. அதையும் அப்பாவிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று, காதோடு சம்பந்தமில்லாதது: சேம்பருக்குள் சர்க்கரை சடாரென இறங்கலாம். வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள்.