‘டைபாய்டு’ சர்டிபிகேட் வாங்காதீர்கள், ஐயா

கேள்வி: என் மகளுக்கு 29 வயது. ஆத்தூர் பக்கம் அரசு கால்நடை மருந்தகத்தில் மூன்று வருடமாக உதவி மருத்துவராக இருக்கிறாள். பக்கத்து மருந்தகமும் கூடுதல் பொறுப்பாக அவளிடம்தான். மூன்று மாதம் முன்பு மரவள்ளித் தழை தின்ற மாடு ஒன்று, இவள் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே செத்துப்போனது. ‘டாக்டரம்மா ஊசி போட்டுக் கொன்னுட்டாங்க’ என்று வீடியோ எடுத்து ஊர் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, போன் அடித்தால் கை நடுங்குகிறது. ராஜினாமா செய்கிறேன் என்கிறாள். மனநல மருத்துவரிடம் போனால் எஸ்.ஆர். என்கிற பணிப்பதிவேட்டுப் புத்தகத்தில் ஏறிவிடும், வேலைக்கு ஆபத்து, வரனும் அமையாது என்கிறார் உறவினர் ஒருவர். தெரிந்த ஆள் மூலம் டைபாய்டு என்று மூன்று மாத மெடிக்கல் லீவு சர்டிபிகேட் வாங்கித் தருகிறாராம், 20,000 ரூபாய். வாங்கலாமா? கால்நடை மருத்துவர்கள் அதிகம் தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்று யூடியூபில் பார்த்ததிலிருந்து எனக்கும் தூக்கம் போய்விட்டது.

பதில்: வாங்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம், முதலில் அந்த ஆளுக்கு முன்பணம் எதுவும் கொடுத்திருந்தால் போனது போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.

மூன்று மாத டைபாய்டு என்று ஒன்று கிடையாது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் எழுந்து உட்காரும் நோய் அது. அலுவலகத்தில் இருக்கிறவர்களும் சோறுதான் தின்கிறார்கள். நீண்ட மருத்துவ விடுப்பு என்றால் மருத்துவக் குழுவுக்கு அனுப்பிவிடலாம். அங்கே ரத்தப் பரிசோதனை முடிவு எங்கே, எந்த ஆஸ்பத்திரியில் படுத்திருந்தீர்கள் என்று கேட்பார்கள். பதில் இல்லையென்றால் 17(பி) குறிப்பாணை, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டுக் கடிதம். உடம்பு சரியில்லாமல் போனதற்காக யாருடைய அரசு வேலையும் போனதாக நான் பார்த்ததில்லை. பொய்ச் சான்று கொடுத்து மாட்டிக்கொண்டு வருடக்கணக்கில் விசாரணைக்கு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அலைச்சலில் புதிதாக மனநோய் வந்து, மனநல மருத்துவரான என்னிடம் வந்தவர்களும் உண்டு. தரகருக்கு 20,000 ரூபாயோடு கணக்கு முடிவதில்லை. உங்கள் மகளின் ரகசியம் ஒன்று அவன் கையில் இருக்கும். அடுத்த வருடம் வேறு வேலையாக வந்து நிற்பான்.

எப்படி வந்து நிற்பான் என்று மகளையே கேளுங்கள். அடையாள எண் கொண்ட காது வில்லை இல்லாத செத்த மாட்டுக்கு இன்சூரன்ஸ் இறப்புச் சான்றில் கையெழுத்துக் கேட்டு எத்தனை பேர் அவர் மேசை முன்னால் நின்றிருக்கிறார்கள் என்று சொல்வார். ‘ஒரு கையெழுத்துதானே டாக்டரம்மா.’ அதை மறுத்து மறுத்தே பாதி களைத்திருப்பார். அவருக்கு நீங்களே ஒரு பொய்ச் சான்று வாங்கிக் கொடுத்தால் என்ன நினைப்பார்?

சரி, வேலைக்கு ஆபத்து உண்டா? இல்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்று எங்களைக் கட்டிப்போட்டிருக்கிறது. மனநோய்க்குச் சிகிச்சை எடுப்பதாலேயே ஒருவரைச் சித்தம் சரியில்லாதவர் என்று சொல்ல முடியாது, அதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பணிக்காலத்தில் ஒருவருக்கு ஊனமே ஏற்பட்டாலும் அரசு அவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்பது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 20-ஆம் பிரிவு. உங்கள் மகள் அந்த நிலைக்கு வெகு தூரத்தில் இருக்கிறார். எஸ்.ஆரில் ஏறுவது எத்தனை நாள் விடுப்பு, என்ன வகை விடுப்பு என்பதுதான். ஓ.பி. சீட்டை யாரும் அதில் ஒட்டுவதில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. மருத்துவ விடுப்பு கேட்டால் சான்றில் நோயின் பெயர் இருக்கும், அலுவலகத்தில் பிரிவு எழுத்தர் அதைப் பார்ப்பார், மாலைக்குள் டீக்கடை வரை போனாலும் போகும். சட்டம் டாக்டரின் வாயைக் கட்டியிருக்கிறது. எழுத்தரின் வாயைக் கட்டுகிற சட்டத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆகவே முதலில் ஈட்டிய விடுப்பில் பதினைந்து இருபது நாள் எடுக்கச் சொல்லுங்கள். காரணத்தை விளக்கத் தேவையில்லை, சொந்த வேலை என்று எழுதினால் போதும். அது போதாமல் போனால், சிகிச்சை தருகிற மருத்துவர் உண்மையான சான்று கொடுப்பார்.

மகளுக்கு என்ன நோய் என்பதைப் பார்க்காமல் சொல்ல முடியாது. மூளை ரசாயனம், வகைப்பாடு என்று இறங்கினால் உங்களுக்குக் குழப்பம்தான் மிஞ்சும். ஒரு அடையாளம் சொல்கிறேன். பணிச்சோர்வு என்று ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அதை நோய் என்று சொல்லவில்லை, வேலையிலிருந்து வருகிற ஒரு நிலை என்றுதான் சொன்னது. உடம்பும் மனசும் வற்றிப்போகும், செய்கிற வேலை மேல் கசப்பு வரும், நான் எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றும். அப்படிப்பட்டவரை நான்கு நாள் பாட்டி ஊருக்கு அனுப்பினால் இரண்டாம் நாளே நன்றாகத் தூங்குவார். மனச்சோர்வு நோய் அப்படி விடாது, பஸ் ஏறிக் கூடவே வரும். தூக்கமும் சாப்பாடும் போய், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் தாண்டினால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். உங்கள் மகளுக்கு மூன்று மாதம் ஆகிறது.

சில வருடங்களுக்கு முன் கால்நடை மருத்துவர் ஒருவர் என் அறையில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார். அதற்குள் போன் ஏழு முறை அடித்தது. ஏழையும் எடுத்தார். ஒன்று வயிறு உப்பிய ஆடு, ஒன்று நஞ்சுக்கொடி விழாத எருமை, ஒன்று ‘எப்ப சார் வருவீங்க’. ஆறாவது போனில் யாரோ திட்டினார்கள், ‘சரிங்க, சரிங்க’ என்று கேட்டுக்கொண்டார். போனை அணைத்து வையுங்கள் என்றேன். ‘அணைச்சா மாடு செத்துடும் சார்’ என்றார். அவருடைய நம்பர் மருந்தகச் சுவரில் பெயின்டில் எழுதியிருந்ததாம். அவருக்கு முன் அங்கே இருந்தவரின் நம்பர் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டு எழுதியது.

நீங்களும் மாடு வைத்திருக்கிறவராக இருக்கலாம். கன்று கால் மடங்கிச் சிக்கிக்கொண்ட ராத்திரியில் யாருக்குப் போன் செய்தீர்கள்? தப்பில்லை, செய்யத்தான் வேண்டும். அந்தப் போனை எடுக்க ஒரே ஒரு ஆள்தான், அவருக்கு மாற்று ஆள் கிடையாது என்று வைத்திருக்கிறார்களே, அதுதான் தப்பு. காலி இடத்தை நிரப்பாமல் கூடுதல் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டால், காகிதத்தில் இரண்டு மருந்தகத்துக்கும் டாக்டர் இருக்கிறார். கோமாரித் தடுப்பூசி முகாம் வந்தால் காலை ஐந்தரைக்கே தொழுவத்தில் நிற்க வேண்டும், பன்னிரண்டு இலக்கக் காது வில்லை எண்ணை ஒவ்வொன்றாகப் போனில் ஏற்ற வேண்டும், மாலை ஆய்வுக் கூட்டத்தில் இலக்கு ஏன் குறைந்தது என்று பதில் சொல்ல வேண்டும். தூங்கினீர்களா என்று கேட்க அந்தக் கூட்டத்தில் ஒரு பத்தி கிடையாது.

இப்போது யூடியூப். நீங்கள் பார்த்தது அநேகமாக அமெரிக்கக் கணக்கு. அங்கே 1979 முதல் 2015 வரை இறந்த கால்நடை மருத்துவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் தற்கொலைச் சாவு ஆண் மருத்துவர்களிடம் 2.1 மடங்கு, பெண் மருத்துவர்களிடம் 3.5 மடங்கு. கணக்கு உண்மைதான். ஆனால் அப்படி இறந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நாய், பூனை போன்ற செல்லப் பிராணிகளுக்கு வைத்தியம் பார்த்தவர்கள். படிப்புக் கடன், பில் கட்ட முடியாத வாடிக்கையாளர், குணமாக்க முடியாத பிராணியைத் தன் கையாலேயே சாகவைக்கிற வேலை என்று அவர்கள் பாரம் வேறு. இங்கே நேர் எதிர். படுத்துவிட்ட மாடு பிழைக்காது என்று உங்கள் மகளுக்கு முதல் நாளே தெரியும். வேதனைப்படும் பிராணியின் உயிரை முடிக்க 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடைச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் எந்த வீட்டில் பசுவுக்கு அதற்கு ஒத்துக்கொள்வார்கள்? ஆறு நாள் தினமும் போய் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, அதன் கண்ணைப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஏழாம் நாள் ‘டாக்டரம்மா வைத்தியம் சரியில்லை’ என்பார்கள். அமெரிக்கக் கணக்கை எடுத்து உங்கள் மகளோடு பெருக்காதீர்கள்.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நானே தவறியிருக்கிறேன். கால்நடை ஆய்வாளர் ஒருவர் களைப்பு, தூக்கமின்மை, எதிலும் ஆர்வமில்லை என்று வந்தார். மனச்சோர்வு என்று எழுதி மாத்திரை கொடுத்தேன். நான்கு மாதம் ஓடியது. தூக்கம் வந்தது, களைப்பு போகவில்லை. ஒருநாள் அவர் மனைவி, ‘ராத்திரி பனியன் நனையுற மாதிரி வேர்க்குதுங்க, இடுப்பு வலின்னு புரள்றாரு’ என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரத்தம் எடுத்தால் புருசெல்லா. உங்கள் ஊரில் கன்று வீச்சு நோய் என்பார்களே, மாடு நிறைமாதத்துக்கு முன்னாலேயே கன்றைப் போட்டுவிடுமே, அதே கிருமி. கையுறை இல்லாமல் நஞ்சுக்கொடி எடுக்கிறவர்களுக்கு வரும். கிடேரிக் கன்றுகளுக்குப் போடுகிற அந்தத் தடுப்பூசி உயிருள்ள கிருமி, அந்த ஊசி தவறித் தன் கையில் குத்தினாலும் வரும். காய்ச்சல் விட்டு விட்டு வரும், சில சமயம் வந்ததே தெரியாது. மூட்டு வலி, ராத்திரி வேர்வை, சோர்வு, மனசு விழுந்துபோவது, எல்லாம் சேர்ந்து பார்க்க அப்படியே மனச்சோர்வு மாதிரி இருக்கும். அதற்கு வேறு மருந்து, சுமார் ஆறு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். அவர் சாப்பிட்டார், தேறினார். நான்கு மாதம் அவரை வீணாக அலைக்கழித்தது நான்தான். உங்கள் மகளுக்கு இது இருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் எந்த மருத்துவரிடம் போனாலும், ‘என் மகள் மாட்டு டாக்டர், ஊசி கையில் குத்தியிருக்கலாம், புருசெல்லா பார்த்துவிடுங்கள்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள், நானே கேட்கவில்லையே. கூடவே தைராய்டும் ரத்தசோகையும்.

எங்கே போவது? உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்து இலவசம். திங்கள்கிழமை கூட்டம் நெரிக்கும், செவ்வாய் போங்கள். தெரிந்தவர் கண்ணில் படக் கூடாது என்றால் அடுத்த மாவட்டத்துக்குப் போங்கள், யாரும் தடுக்கப்போவதில்லை. தனியாரிடம் போவதானால் எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு மனநல மருத்துவம் படித்தவரா என்று பாருங்கள். பேச்சுச் சிகிச்சைக்கு மருத்துவ உளவியலாளர் வேண்டும், அவருக்கு ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் இருக்கும், கேட்டால் சொல்வார். சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டு சனி ஞாயிறில் டிப்ளமோ முடித்து, ஏ.சி. அறையில் ‘கவுன்சலிங் சென்டர்’ போர்டு மாட்டி, பத்து அமர்வுக்கு முன்பணம் வாங்குகிறவர்கள் இப்போது தெருவுக்கு ஒருவர். அவர்களிடம் ஆள் பிடித்துவிட கமிஷன் ஏஜென்டும் உண்டு. சர்டிபிகேட் தரகரும் அவரும் ஒரே ஆளாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

மருத்துவம் படித்தவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, தனக்குத் தானே வைத்தியம். மகள் தூக்க மாத்திரை எதையாவது சொந்தமாகப் போட்டுக்கொள்கிறாரா என்று கேளுங்கள். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், தேறியதும் சட்டென்று நிறுத்தக் கூடாது. பழக்கத்துக்கு அடிமையாக்கிவிடும் என்று உறவினர் சொன்னால், அவரை என்னிடம் அனுப்புங்கள்.

உங்களுக்குத் தூக்கம் போன விஷயத்துக்கு வருகிறேன். ‘செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கொடுத்ததாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது, யாராவது கேட்டார்களே என்று பல பேர் அழுதே விடுவார்கள். ஆமாம் என்றால் செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள். ராத்திரி என்றால் 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசுவார்கள். மாநில சுகாதார உதவி எண் 104-உம் உண்டு. பதில் எதுவானாலும் மருந்துப் பை இனி வீட்டுக்கு வர வேண்டாம். மருந்தகத்திலேயே பூட்டிவிட்டு, சாவியை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு வரட்டும்.

ராஜினாமாக் கடிதம் எழுதியிருந்தால் நீங்கள் வாங்கி பீரோவில் வையுங்கள். தேறிய பிறகும் வேண்டாம் என்றால் கொடுத்துக்கொள்ளட்டும், அது அவர் உரிமை. மரவள்ளி நஞ்சு நிமிடக் கணக்கில் கொல்லும், அந்த மாடு ஊசி போடாவிட்டாலும் செத்திருக்கும் என்பது அவருக்கே தெரியும். தெரிந்தும் மனசு ஆறவில்லை என்பதால்தான் டாக்டர் வேண்டும் என்கிறேன். பக்கத்து ஊர் மருத்துவரோடு பேசி ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவுப் போனை மாற்றிக்கொள்ள முடியுமா என்று பார்க்கச் சொல்லுங்கள். துறை செய்துதராது, இவர்களாகத்தான் செய்துகொள்ள வேண்டும்.

வரன் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

செவ்வாய்க்கிழமை போகும்போது பழைய பரிசோதனைச் சீட்டுகள், இப்போது சாப்பிடுகிற மாத்திரைப் பட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள். மகள் உள்ளே நுழையும் முன் அவருடைய போனை வாங்கி உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அடித்தால் நீங்கள் எடுத்து, டாக்டரம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், கால்நடை ஆம்புலன்ஸ் 1962-க்கு அடியுங்கள் என்று சொல்லுங்கள்.