நைட் ஷிப்ட் முடிந்த காலையில் பைக் வேண்டாம், தம்பி

கேள்வி: அம்மா, வணக்கம். எனக்கு வயது 27. வீடு செங்கல்பட்டில். ஒரகடத்தில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. சிங்கப்பெருமாள் கோவில் வழியாகப் போக ஏறக்குறைய 25 கிலோமீட்டர். அப்பாவின் பழைய 100 சிசி பைக்கில்தான் போய் வருகிறேன். கம்பெனி பஸ் உண்டு. ஊரெல்லாம் சுற்றி வருவதால் வீடு சேர ஒரு மணி நேரம் கூடுதலாகிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை நைட் ஷிப்ட், இரவு 10.30 முதல் காலை 6.30 வரை. அந்த வாரம் திரும்பும்போது சில நாள் கண் சொருகிவிடுகிறது. இந்த ஆண்டு இரண்டு முறை விழுந்துவிட்டேன். ஒருமுறை மழையில் வெள்ளைக்கோட்டின் மேல் பிரேக் பிடித்து; இன்னொரு முறை நாய் குறுக்கே வந்து. பெரிய அடி இல்லை. மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. பைக்கை விற்றுவிடச் சொல்லி அழுகிறாள். ஏபிஎஸ் உள்ள 150 சிசி வண்டி வாங்கினால் நான் பாதுகாப்பாக இருப்பேனா? அவள் பயமும் தீருமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர், செங்கல்பட்டு)

பதில்: தம்பி, கடிதம் முழுக்க வண்டியைப் பற்றி எழுதிவிட்டு, நடுவில் ‘சில நாள் கண் சொருகிவிடுகிறது’ என்று ஒரு வரி போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்த வரிதான். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நைட் ஷிப்ட் வாரம் முழுவதும் கம்பெனி பஸ்ஸில் போங்கள், பஸ்ஸிலேயே திரும்புங்கள். ஒரு நாள்கூட விதிவிலக்கு வேண்டாம். எந்தப் புது வண்டி வாங்கினாலும் இதில் மாற்றமில்லை.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். நைட் ஷிப்ட் தொடங்கும் முதல் நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் வழக்கம்போல் ஏழு மணிக்கு எழுந்திருப்பீர்கள். பகலில் தூக்கம் வந்திருக்காது. இரவு வேலைக்குப் போய் மறுநாள் காலை ஆறரைக்கு வண்டியை உதைக்கும்போது, நீங்கள் விழித்திருப்பது ஏறக்குறைய 24 மணி நேரம். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவரின் அளவுக்கு மங்கிவிடுகின்றன என்று ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வுகள் 1990-களிலேயே காட்டின. 24 மணி நேரமானால் அது 0.10 சதவீதத்துக்குச் சமம். நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.03 சதவீதம். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத நீங்கள், சட்டம் அனுமதிப்பதைப் போல மூன்று மடங்கு குடித்தவரின் நிலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டுகிறீர்கள்.

கண் சொருகுவது என்று நீங்கள் சொல்வது உண்மையான தூக்கம். மூன்று, நான்கு விநாடி மூளை விடுப்பு எடுத்துக்கொள்கிறது. பாதி நேரம் நமக்கே தெரிவதில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடியில் வண்டி 50 மீட்டர் ஓடிவிடும். காரில் இருப்பவர் அப்படிச் சொருகினால் சுற்றிலும் தகடும் சீட் பெல்ட்டும் இருக்கின்றன. உங்களுக்கு என்ன இருக்கிறது? முகத்தில் தண்ணீர் அடிப்பது, பாட்டுக் கேட்பது, காற்றுப் படும்படி ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிடுவது எல்லாம் சில நிமிடத்துக்குத்தான். டீயும் காபியும் வேலை செய்யத் தொடங்கவே அரை மணி நேரம் பிடிக்கும். என்றாவது பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டால், கேன்டீனில் ஒரு டீ குடித்துவிட்டு அங்கேயே மேசையில் தலை சாய்த்து இருபது நிமிடம் தூங்குங்கள். எழுந்து, முகம் கழுவி, அதற்கு அடுத்த கம்பெனி பஸ் இருந்தால் அதில் ஏறுங்கள். இல்லாவிட்டால் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வரும் அரசு பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து மின்சார ரயிலில் செங்கல்பட்டு போங்கள். ஒரு மணி நேரம் வீணாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு மணி நேரமும் ஜன்னலோரம் தூங்கலாமே! உங்களுக்கு அந்த வாரத்தில் பஞ்சமே தூக்கத்துக்குத்தான்.

இனி வண்டிக்கு வருவோம். ஏபிஎஸ் நல்ல ஏற்பாடு. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளிலும் அது கட்டாயம். அவசரத்தில் பிரேக்கை இறுக்கினால் சக்கரம் சுழலாமல் நின்றுபோய் வழுக்கிவிடாதபடி பார்த்துக்கொள்ளும். நேராகப் போகும்போது உங்களை அது காப்பாற்றக்கூடும். வளைவில் வண்டியைச் சாய்த்தபடி மணலில் பிரேக் பிடித்தால் 150 சிசி வண்டிகளில் வரும் ஏபிஎஸ் பெரிதாக உதவாது. தூங்குகிறவருக்கு எதுவும் உதவாது. 150 சிசி வண்டிகள் பலவற்றில் முன் சக்கரத்துக்கு மட்டும்தான் ஏபிஎஸ் இருக்கிறது என்பதையும் வாங்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தை வரப்போகிற நேரத்தில் கடன் வாங்கிப் புது வண்டி எடுப்பதில் எனக்கு விருப்பமில்லை. இருக்கிற வண்டியின் டயரைப் பாருங்கள். மழையில் வழுக்கிய வண்டி என்றால் முதலில் என் சந்தேகம் தேய்ந்த டயர் மேல்தான் போகும்.

நீங்கள் எந்த பிரேக்கைப் பிடித்தீர்கள் என்று எழுதவில்லை. பின் பிரேக்கைத்தான் மிதித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ‘முன் பிரேக்கைப் பிடிக்காதே, தூக்கிப் போட்டுவிடும்’ என்று சொல்லித்தான் நம் வீடுகளில் வண்டி ஓட்டக் கற்றுத் தருகிறார்கள். அது பெருந்தவறு. பிரேக் பிடித்தவுடன் வண்டியின் பாரத்தில் பெரும்பகுதி முன்னால் சாய்கிறது. பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தை இறுக்கினால் அது நின்றுபோய் வழுக்கும். வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்கு உரியது. அதை வெடுக்கென்று பிடித்தால்தான் ஆபத்து. முதலில் மெதுவாகத் தொட்டு, பாரம் முன்னால் வருவதை உணர்ந்த பிறகு அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். கூடவே பின் பிரேக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளில்லாத மைதானமோ சாலையோ பார்த்து, முதலில் 20 கிலோமீட்டர் வேகத்தில், பிறகு 30-இல், பிறகு 40-இல் திரும்பத் திரும்ப நிறுத்திப் பழகுங்கள். கை அதைப் பழகிக்கொள்ளும்வரை விடாதீர்கள். ஆபத்து நேரத்தில் யோசிக்க அவகாசம் இருக்காது; கை பழகியதைத்தான் செய்யும்.

மழையில் வெள்ளைக்கோடு, பாதாளச் சாக்கடை மூடி, இரும்புத் தகடு இவற்றின் மேல் பிரேக்கும் வேண்டாம், திருப்பமும் வேண்டாம். அவற்றுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வண்டியை நேராக வைத்துக் கடந்துவிடுங்கள். கோடையில் பல நாள் கழித்துப் பெய்யும் முதல் மழை, தொடர்ந்து பெய்யும் மழையைவிட மோசம். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் ஈரத்தோடு சேர்ந்து குழைந்துவிடும். அந்த முதல் அரை மணி நேரத்தை ஒரு டீக்கடைக் கூரையின் கீழ் கழியுங்கள்.

நாய் குறுக்கே வந்தால் ஒடித்துத் திருப்பாதீர்கள். பின்னால் வரும் லாரிக்கு நீங்கள் எந்தப் பக்கம் போவீர்கள் என்று தெரியாது. நேராக வைத்து, இரண்டு பிரேக்கையும் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். நாய் மேல் மோத நேர்ந்தாலும் திருப்பாதீர்கள். கேட்கக் கடினமாகத்தான் இருக்கும், ஆனாலும் சொல்கிறேன்.

ஒரகடம் சாலையில் என்னை அதிகம் பயமுறுத்துவது ஓடுகிற லாரிகளைவிட நின்றுகொண்டிருக்கும் டிரெய்லர்கள். பின்விளக்கு எரியாமல், சிவப்புப் பட்டை சேறு மூடி, சாலையின் ஓரத்தில் பாதி உள்ளே நீட்டிக்கொண்டு இரவெல்லாம் நிற்கும். செகண்ட் ஷிப்ட் முடிந்து இரவில் திரும்பும் நாட்களை மனதில் வைத்து இதைச் சொல்கிறேன். பழைய 100 சிசி வண்டியின் தாழ்ந்த வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிவது முப்பது, நாற்பது மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பொருளைக் கண்டு, மனம் அதை உணர்ந்து, கை பிரேக்குக்குப் போவதற்குள் 25 மீட்டர் கடந்துவிடும். அதன்பின் நிற்க இன்னும் இருபது மீட்டருக்கு மேல். கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் உங்களால் நிற்க முடியாது. 45-இல் போனால் மொத்தம் 30 மீட்டரை ஒட்டி நின்றுவிடலாம். ஆகவே இருட்டில் 45-க்கு மேல் போகாதீர்கள். இடது ஓரத்தை ஒட்டி ஓட்டுவது பாதுகாப்பு என்று நினைத்து அந்த டிரெய்லர்களின் நேர்க்கோட்டிலேயே போகிறார்கள் பலர். ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி ஓட்டுங்கள். 70-இல் பறப்பதற்கும் 50-இல் போவதற்கும் 25 கிலோமீட்டரில் வித்தியாசம் பத்து நிமிடம்கூட இல்லை.

திரும்பக் காத்திருக்கும் டிரெய்லரின் இடப்பக்கச் சந்தில் மட்டும் நுழைந்துவிடாதீர்கள். முன்பகுதி அகலமாகச் சுற்றித் திரும்பும்போது பின் சக்கரங்கள் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். இடம் தாராளமாக இருப்பதுபோல் தெரிந்த சந்து சில விநாடிகளில் மூடிவிடும். லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கு உங்களைத் தெரியவில்லை என்று பொருள்.

கடிதத்தில் ஹெல்மெட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அவர்களில் 44 சதவீதத்துக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். வியர்க்கிறது என்று வாரைப் பூட்டாமல் தலையில் கவிழ்த்துக்கொண்டு போகிறவர்களைத் தினமும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. சாலையில் பார்க்கலாம். விழுந்தால் தலை தரையில் படும் முன்பே அந்த ஹெல்மெட் தனியே உருண்டு போய்விடும். வாரைப் பூட்டிய பின் பின்புறத்திலிருந்து மேலே தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்கள் அளவு இல்லை. உள்ளே ஐ.எஸ். 4151 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். விழுந்தபோது ஹெல்மெட் தரையில் மோதியிருந்தால் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். உள்ளிருக்கும் தெர்மாகோல் ஒருமுறை நசுங்கினால் அவ்வளவுதான். புது வண்டிக்கு வைத்திருக்கும் பணத்தில் நல்ல ஹெல்மெட்டும் இரண்டு டயரும் வாங்குங்கள்.

மனைவியின் அழுகையைப் பற்றி. அவர் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது, தம்பி. ஆண்டுக்கு இரண்டு முறை கணவன் காயத்தோடு வந்தால் யாருக்குத்தான் பயம் வராது? நைட் ஷிப்ட் வாரம் பஸ்தான் என்று நீங்களாகவே அவரிடம் சொல்லுங்கள். கிளம்பும்போது ஒரு போன், போய்ச் சேர்ந்ததும் ஒரு போன். நடுவில் அவர் அழைக்க வேண்டாம், அழைத்தாலும் நீங்கள் எடுக்கமாட்டீர்கள் என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக்கு அவரை இந்த வண்டியில் அழைத்துப் போகாதீர்கள். சேலையில் ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒவ்வொரு வேகத்தடையிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவது அவருக்கும் பிள்ளைக்கும் நல்லதல்ல. ஆட்டோவுக்கு ஆகும் காசு ஆகட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று. வண்டி அப்பா பெயரில் இருக்கிறது. இன்சூரன்சில் உரிமையாளர்-ஓட்டுநருக்கு என்று 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு சேர்ந்திருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவர் ஓட்டினால்தான் அது பொருந்தும். நீங்கள் ஓட்டும்போது ஏதாவது நேர்ந்தால் உங்கள் குடும்பத்துக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. தினமும் ஓட்டுவது நீங்கள் என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றம் செய்து, பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்றும் பாருங்கள். பிடிக்கிறார்கள் என்றால், வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தைப் பணியிடக் காயமாகக் கருத 2010-இல் அந்தச் சட்டத்தில் வழி செய்யப்பட்டிருக்கிறது. இந்த விவரத்தை உங்கள் மனைவியும் தெரிந்து வைத்திருக்கட்டும்.

சாலையில் வேறு யாராவது விழுந்து கிடப்பதைக் கண்டால், தயங்காமல் 108-ஐ அழையுங்கள். உதவியவரைப் போலீஸ் அலைக்கழிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-இலேயே சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் அது சட்டமாகவும் ஆகிவிட்டது. 2021 டிசம்பரில் உங்கள் மாவட்டத்து மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையில்கூட ஒரு வரம்புவரை அரசே செலவை ஏற்கிறது.

கடைசியாக, அந்த பஸ். ஊரெல்லாம் சுற்றுகிறது என்றால் உங்களைப்போல் செங்கல்பட்டிலிருந்து வருகிறவர்கள் நைட் ஷிப்டில் எத்தனை பேர் என்று கணக்கெடுங்கள். பத்துப் பேர் சேர்ந்தாலும் போதும். சேர்ந்து கையெழுத்துப் போட்டு, அந்த ஒரு வாரத்துக்காவது செங்கல்பட்டுக்கு நேர் வண்டி வேண்டும் என்று மனிதவளப் பிரிவில் எழுதிக் கொடுங்கள். தொழிற்சாலையின் பாதுகாப்புக் குழுவில் உங்கள் தொழிலாளர் பிரதிநிதி இருப்பார். அவரிடமும் ஒரு நகல் கொடுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.